கணையம் கசியுமா? முன்கூட்டியே கணிக்கும் மருத்துவம்



அறுவைச் சிகிச்சைக் கூடத்தின் கதவு திறந்ததும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "டாக்டர், ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதா?" என்பதுதான். கணைய அறுவையைப் பொறுத்தவரை அதற்கான முழுப் பதில் அன்றைக்குக் கிடைப்பதில்லை. மூன்று நாளோ, ஒரு வாரமோ, சில வேளைகளில் அதற்கும் மேலோ காத்திருக்க வேண்டும்.

கணையம் என்றதும் நம்மவர்களுக்கு இன்சுலினும் இனிப்பு நீரும்தான் நினைவுக்கு வரும். அந்த உறுப்பு தினமும் ஒரு லிட்டருக்கும் அதிகமான செரிமான நீரையும் சுரக்கிறது. இறைச்சியையும் கொழுப்பையும் கரைக்கக்கூடிய நீர் அது. குடலுக்குள் இருக்கும் வரை தொல்லையில்லை. வயிற்றுக்குள் கசிந்துவிட்டாலோ சீழ் கட்டும். இரத்தக் குழாயின் சுவரையே அரித்துவிடும்.

கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி வந்தால் செய்யப்படுவது விப்பிள் அறுவை. 1935-ஆம் ஆண்டில் அதை விவரித்த அமெரிக்க மருத்துவர் ஆலன் விப்பிளின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. கணையத்தின் தலையையும் முன்சிறுகுடலையும் அகற்றிவிட்டு, எஞ்சிய கணையத்தைக் குடலோடு இணைத்துத் தைப்பார்கள். கசிவு பெரும்பாலும் அந்தத் தையலில்தான் தொடங்குகிறது.

இதில் ஒரு விந்தை உண்டு. புற்றுநோயோ நாள்பட்ட அழற்சியோ தாக்கிய கணையம் பெரும்பாலும் இறுகிப் போயிருக்கும்; தையல் பிடித்து நிற்கும். நோய் அதிகம் தாக்காத கணையமோ மென்மையாக இருக்கும். தௌபூவில் ஊசி நூல் கோத்து இழுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிரமம் புரியும்! ஆக, சாதாரணக் கட்டிக்காக அறுவை செய்துகொள்பவருக்கே கசிவு அபாயம் கூடுதலாக இருக்கக்கூடும். "புற்று இல்லை" என்று நிம்மதி அடைந்த குடும்பத்துக்கு இதை எடுத்துச் சொல்வது மருத்துவருக்கு எளிதல்ல.

2013-இல் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் பத்துப் புள்ளிக் கணக்கு ஒன்றை வெளியிட்டார்கள். கணையம் மென்மையாக இருந்தால் 2 புள்ளி. நோய் கணையப் புற்றோ அழற்சியோ அல்லாத வேறொன்றாக இருந்தால் 1. கணையக் குழாய் 5 மில்லிமீட்டருக்குக் குறையக் குறையப் புள்ளி ஏறும்; ஒரு மில்லிமீட்டர் என்றால் 4. இழந்த இரத்தத்துக்கு அதிகபட்சம் 3. மொத்தம் ஏழோ அதற்கு மேலோ வந்தால் அபாயம் மிக அதிகம். அதற்காக அது தலையெழுத்து அல்ல. எந்த நோயாளியைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான்.

அறுவைக்குப் பிறகு வயிற்றிலிருந்து வெளியே வரும் வடிகுழாய் பேசத் தொடங்கும். அதில் வடியும் நீரில் அமிலேஸ் என்ற நொதியை அளப்பார்கள். மூன்றாம் நாளிலோ அதன் பின்னரோ அந்த அளவு, இரத்தத்தில் இருக்கக்கூடிய உச்ச அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போனால் கசிவு என்று 2005-இல் அனைத்துலக மருத்துவக் குழு ஒன்று வரையறுத்தது. 2016-இல் அதைத் திருத்தினார்கள். நோயாளிக்குப் பாதிப்பில்லாமல் எண் மட்டும் கூடினால், அது இப்போது மெய்யான கசிவாகக் கணக்கிடப்படுவதில்லை.

கணிப்பதால் உயிர் பிழைக்குமா? நெதர்லாந்து இதற்கு விடை தந்தது. அங்கே 17 மருத்துவமனைகளில் 1,700-க்கும் அதிகமான நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. மூன்றாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை தினமும் உடல்நிலையையும் இரத்தப் பரிசோதனையையும் வைத்து, எப்போது சி.டி. ஸ்கேன், எப்போது ஊசிவழி வடிகுழாய் என்று ஒரே நெறிமுறையைப் பின்பற்றினார்கள். கடும் இரத்தக் கசிவு, உறுப்புச் செயலிழப்பு, மரணம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு ஆளானோர் 14 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைந்தனர். புது மருந்து எதுவும் இல்லை. அதே வைத்தியம்தான், நேரத்தோடு நடந்தது.

கட்டிலருகே இருக்கும் உறவினர்களும் இதில் கண்காணிப்பாளர்களே. காய்ச்சல், படபடப்பு, கூடிவரும் வயிற்று வலி, வடிகுழாய் நீரின் நிறமாற்றம் ஆகியவற்றை உடனே தாதியிடம் சொல்ல வேண்டும். குழாயில் சிறிதளவு இரத்தம் தென்பட்டு, தானே நின்றுபோனாலும் "நின்னுடுச்சே" என்று விட்டுவிடக் கூடாது. சில மணி நேரத்திலோ மறுநாளோ பெரிய இரத்தக் கசிவு வருவதற்கு அதுவே முன்னறிவிப்பாக இருந்திருக்கிறது.