காணாமல் போன புல்லாங்குழல்

பல வருடத்துக்கு முன் நான் ஒலிப்பதிவு செய்த ஒரு பாட்டை மறுபடி மிக்ஸ் செய்து தரச் சொல்லி ஒருவர் வந்தார். ப்ராஜெக்டைப் புதுக் கம்ப்யூட்டரில் திறந்தேன். குரல் இருக்கிறது, வயலின் இருக்கிறது, புல்லாங்குழலைக் காணோம். அது மனிதர் வாசித்த குழல் இல்லை, ப்ளகின் வாசித்தது. சுரங்கள் டிராக்கில் அப்படியே நிற்கின்றன, வாத்தியம்தான் இல்லை.

ப்ளகின் என்பது இசை மென்பொருளுக்குள் செருகும் இன்னொரு மென்பொருள். ஹாம்பர்க்கின் ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 1996-ல் வி.எஸ்.டி. என்ற முறையைத் தன் இசை மென்பொருளான கியூபேஸில் கொண்டுவந்தது. எல்லாரும் அதோடு நின்றிருந்தால் எனக்கு இன்று பேச விஷயம் இருந்திருக்காது. ஆப்பிளின் லாஜிக் மென்பொருளுக்கு ஆடியோ யூனிட் என்ற முறை வேண்டும்; ப்ரோ டூல்ஸ் மென்பொருளுக்கு ஏ.ஏ.எக்ஸ். வேண்டும். போதாததற்கு 32 பிட், 64 பிட் தகராறு. 2019-ல் வந்த கேட்டலினா இயங்குதளத்தோடு மேக்கில் 32 பிட் மென்பொருள்கள் ஓடுவது முடிந்தது. அடுத்த வருடம் மேக்கின் சிப்பே மாறியது. பழைய இன்டெல் சிப்புக்கான ப்ளகின்கள் ரொசெட்டா என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளின் தயவில் ஓடின.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பதை நான் ஒரு கலை என்றே சொல்வேன். ப்ளகின் வரவில்லை என்றதும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். மிருதங்க வித்வான் சுருதி சேர்க்கும்போது வாத்தியத்தைப் பிரித்தா போடுகிறார்? ஒவ்வொரு கண்ணாகத் தட்டிக் கேட்கிறார். இங்கேயும் அப்படித்தான். இதே ப்ளகின் வேறொரு மென்பொருளில் திறக்கிறதா? திறந்தால் ப்ளகின் மேல் குற்றமில்லை. பட்டியலிலேயே பெயர் இல்லையா? முறை, பிட், ஃபோல்டர் மூன்றையும் பாருங்கள். ஒருமுறை ஸ்கேனில் தோற்ற ப்ளகினைச் சில மென்பொருள்கள் ஒதுக்கிவைத்துவிடும். நீங்கள் சரிசெய்த பிறகும் திரும்பிப் பார்க்காது. பழைய நினைவை அழித்து மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்ல வேண்டும்.

மென்பொருள் திறக்கும்போதே விழுந்துவிடுகிறதா? ப்ளகின்களில் பாதியை வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால், குற்றவாளி நகர்த்திய பாதியில் இருக்கிறான், திறக்காவிட்டால் மிச்சத்தில். அதையும் பாதியாக்குங்கள். 200 ப்ளகின் இருந்தாலும், கெட்டது ஒன்றே என்றால், எட்டுத் தடவைக்குள் ஆள் சிக்குவான். இதைவிட அழகான வேலை ஸ்டுடியோவில் அதிகம் இல்லை என்பது என் கட்சி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தயாரிப்பாளர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஒரு எச்சரிக்கை. வி.எஸ்.டி. 2-க்குப் பதில் அதே ப்ளகினின் வி.எஸ்.டி. 3 வடிவத்தைப் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் பல மென்பொருள்கள் அதை வேறு ஆளாகத்தான் பார்க்கும். அன்று திருப்பி வைத்த குமிழ்கள் அதே இடத்தில் இருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது.

என் புல்லாங்குழல் 32 பிட். அலமாரியில் கிடந்த பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி, அதில் பாட்டைத் திறந்து, குழலை மட்டும் வேவ் ஃபைலாக எடுத்துவந்தேன். லேப்டாப் எழுந்தது என் அதிர்ஷ்டம்.

வீட்டில் இசையமைக்கும் இளைஞர்களே, பாட்டு முடிந்த அன்றே ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் ஃபைலாக எழுதி வையுங்கள். எந்த ப்ளகின், எந்தப் பதிப்பு என்று கூடவே ஒரு சீட்டும் வையுங்கள்.