நடை பழக்கும் கை

கிறிஸ்தவர்களாகிய நாம் கடவுளைத் தந்தை என்று அழைக்கிறோம். அவ்வழைப்பின் ஆழத்தைப் பல வேளைகளில் நமக்கு உணர்த்துவது நம் வீட்டுக் குழந்தையே.

கி. மு. 8-ஆம் நூற்றாண்டில் வட இஸ்ரவேலில் வாழ்ந்த தீர்க்கதரிசி ஓசியா, தம் நூலின் 11-ஆம் அதிகாரத்தில், இறைவனை மகனுக்கு நடை பழக்கும் தந்தையாகக் காட்டுகிறார். கைபிடித்து நடத்தியவரை அம்மகன் அறிந்திலன், விலகிச் செல்கிறான். ஆயினும் அவனைக் கைவிட மனமின்றித் தந்தை தம் சினத்தை அடக்கிக்கொள்கிறார்.

குழந்தைக்காக நாம் கண்விழிக்கும் இரவுகள் அதன் நினைவில் நில்லா. அதனால் நம் அன்பு குறைவதுண்டோ? நாம் அறியாமலே நம்மைத் தாங்கிய கையும் ஒன்று உண்டென்று அப்பொழுதே நெஞ்சு தெளிகிறது.

பிடிவாதம் செய்யும் பிள்ளைமேல் கை ஓங்கும் வேளையில், நம்மைக் கைவிடாதவரை நினைப்போமாக.