பழைய பிக்கப் வண்டியைப் புதுப்பித்தல்: எந்த வேலை முதலில்?

(உழவர் தின விழாவில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



உழவியல் கற்பிக்கும் ஆசிரியனுக்கும் மோட்டார் வண்டிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் நினைக்கலாம். விளைந்த பொருள் சந்தைக்குப் போய்ச் சேரும் வரையில் வேளாண்மை முடிவதில்லை. மேலும், பிக்கப் வண்டி பிறந்ததே உழவர்களின் தேவையால்தான். அமெரிக்க உழவர்கள் தங்கள் காரின் பின்புறம் மரப்பெட்டியைப் பொருத்தி விளைபொருளை ஏற்றிச் சென்றார்கள். பின்னர் 1925 ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனமே பின் தொட்டி பொருத்திய வண்டியை 281 டாலர் விலையில் விற்பனைக்குக் கொண்டு வந்தது.

இன்று நம் ஊர்களில் பலர் பழைய பிக்கப் வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே பழுது நீக்கிக் கொள்கிறார்கள். இது வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால் எந்த வேலையை முதலில் செய்வது என்பதில் தவறினால் என்ன ஆகும் என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

நான் செய்த தவறு

எங்கள் தோட்டம் கொல்லிமலை அடிவாரத்தில் உள்ளது. 2017 ஆம் ஆண்டில் என் தந்தையார் பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கினார். விடுமுறை நாட்களில் அதை நானே சீர்செய்தேன். முதலில் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தேன். கூடுதல் பாரம் ஏற்றலாம் என்று பின்பக்கம் இரண்டு கமான் பட்டைகளைச் சேர்த்தேன். கையிலிருந்த பணம் அதோடு தீர்ந்தது.

"ஓடுறது பெருசில்லை கண்ணு, நிக்கணும்" என்றார் தந்தையார். "பிரேக் பிடிக்குதுங்கப்பா" என்று நான் பதில் சொன்னேன்.

ஆனி மாதத்தில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கினோம். அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பாதி வழி இறங்கிய நிலையில் பிரேக் மிதி தரையோடு தரையாக அமுங்கியது, வண்டி நிற்கவில்லை. தந்தையார் பதறாமல் கியரைக் குறைத்து, கை பிரேக்கைப் பிடித்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் வண்டியை உரசி நிறுத்தினார். உயிருக்குச் சேதமில்லை. ஆனால் அவருடைய மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அந்தப் பருவத்தில் அவரால் வயலில் இறங்க முடியவில்லை.

பிரேக் ஏன் பிடிக்கவில்லை?

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. 4 சதவீதத்திற்கும் குறைவான நீர் கலந்தாலே இந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் சக்கரங்களில் கடும் சூடு உண்டாகிறது. பழைய ஆயில் கொதித்து ஆவியாகிறது. மிதியை அழுத்தும்போது ஆவிதான் சுருங்குமே தவிர, அழுத்தம் சக்கரத்திற்குப் போகாது. எங்கள் வண்டியின் ஆயிலைப் பிறகு திறந்து பார்த்தபோது காப்பி டிகாஷன்போல் கறுத்திருந்தது. கை பிரேக் கம்பி வடத்தால் இயங்குவது. ஆகவேதான் அது மட்டும் எங்களுக்குக் கைகொடுத்தது.

எனவே பழைய வண்டி வாங்கியதும் முதற் செலவு பிரேக்குக்கே ஆக வேண்டும். மாஸ்டர் சிலிண்டரிலும் சக்கர சிலிண்டர்களிலும் உள்ள ரப்பர் வாஷர்களை மாற்றுங்கள். ஆயிலை முழுவதும் வடித்து, மூடி திறக்காத புது டப்பாவிலிருந்து நிரப்புங்கள். பின்னர் குழாயில் காற்று இல்லாமல் எடுத்துவிட வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுவது நல்லது. என்ஜின் ஆயிலை ஒருபோதும் இதில் ஊற்றக்கூடாது; ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். இந்த வேலை முடிந்ததும் தேர்ந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு சரிபார்த்த பின்னரே வண்டியைச் சாலைக்கு எடுக்க வேண்டும். மலையில் இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்கும் பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள்.

டயரின் பட்டன் தேய்மானத்தோடு வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு இலக்கங்கள் அதைச் சொல்லும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள்.

துருவும் உரமும்

அடுத்துக் கவனிக்க வேண்டியது சேசிஸ். இங்கு என் பாடமும் வந்துவிடுகிறது. நாம் வண்டியில் ஏற்றும் மியூரியேட் ஆப் பொட்டாஷ் உரத்தில் ஏறத்தாழ பாதியளவு குளோரைடு உள்ளது. சிந்திய உரம் ஈரத்தோடு சேர்ந்தால், உப்பு நீரைப்போல் இரும்பை அரிக்கும். மட்கிய தொழு உரமும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆதலால் உரம் ஏற்றிய அன்றே பின் தொட்டியையும் அடிப்பகுதியையும் நீர் விட்டுக் கழுவி உலரவிட வேண்டும். நீர் வடியும் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேசிஸைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். சேறு தங்கும் மூலைகளையும் கமான் பட்டை பிடிக்கும் இடங்களையும் தவறாமல் பாருங்கள். மேலோட்டமான துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சு கொடுத்தால் போதும். ஓட்டை விழுந்திருந்தால் பட்டி வைத்து மூடாதீர்கள். அது நோயை மறைப்பதாகும். தேர்ந்த வெல்டரிடம் காட்டுங்கள். வெல்டிங் செய்யுமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும் டீசல் தொட்டியை அகற்றுவதும் அவசியம்.

செய்யத்தக்க மாற்றங்களும் தகாதவையும்

கமான் பட்டை சேர்த்தால் வண்டி தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். பிரேக்கும் அச்சும் டயரும் பழைய அளவுக்கே செய்யப்பட்டவை. பதிவுச் சான்றில் குறித்த மொத்த எடையே வண்டியின் எல்லை.

1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே தொட்டியை நீட்டுதல், உயர்த்துதல் போன்றவற்றைத் தவிர்க்கவும். நிறத்தை மாற்றினால் பதிவுச் சான்றிலும் அதைப் பதிய வேண்டும்.

கழற்றி எடுக்கக்கூடிய ஏற்பாடுகளே நமக்குப் போதும். தொட்டியில் இடைவெளி விட்ட மரச்சட்டங்களைப் பரப்பினால் அடியில் காற்றோட்டம் கிடைக்கும். தக்காளி போன்றவற்றைக் கூடையில் அமுக்காமல் பிளாஸ்டிக் கிரேட்டில் அடுக்கினால் நசுங்கல் குறையும். மேலே தார்ப்பாய் கட்டினால் வெயிலில் வாடாது.

கொட்டகையில் கவனம்

ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. அதை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்து, உறுதியான ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திய பின்னரே வேலை தொடங்க வேண்டும். பழைய பிரேக் லைனிங் தூளில் கல்நார் இருக்கலாம். அதை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கழிவு ஆயிலை வரப்பிலோ கிணற்றோரத்திலோ கொட்டாதீர்கள். டப்பாவில் சேர்த்து, கழிவு ஆயில் எடுப்போரிடம் கொடுங்கள்.

முடிவாக, முதலில் பிரேக், ஸ்டியரிங், டயர்; அடுத்து சேசிஸ்; பின்னர் என்ஜின், விளக்குகள்; கடைசியில் பெயிண்ட். பணம் நடுவில் தீர்ந்துபோனால் பெயிண்ட் காத்திருக்கட்டும். நிறம் மங்கிய வண்டியும் சந்தைக்குப் போய்த் திரும்பும்.

அந்த வண்டியை இந்த வரிசையில் மறுபடியும் சீர்செய்தோம். இன்றும் அது ஓடுகிறது. மண்மேட்டில் உரசிய பக்கம் மட்டும் பெயிண்ட் இல்லாமல் இருக்கிறது. நான் அடிக்கலாம் என்றபோது, "இருக்கட்டும் கண்ணு, பார்த்தா ஞாபகம் வரும்" என்று தந்தையார் சொல்லிவிட்டார்.