மலைக்குப் போனவர்களின் பிள்ளைகள்



விடியும் முன்பே போடியிலிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. போடிமெட்டு வளைவுகளைக் கடந்து, கேரள எல்லைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்கு நம் பெண்கள் கூலி வேலைக்குப் போகிறார்கள். பட்டம் பெறும் ஆசிரியர்களே, அவர்களுடைய பிள்ளைகள்தாம் உங்கள் வகுப்பில் உட்காரப்போகிறவர்கள். முதல் மணியிலேயே ஒரு சிறுமி தூங்கி விழுந்தால், தம்பிக்குச் சோறூட்டிவிட்டு ஓடிவந்தவளா என்று விசாரியுங்கள்.

அவள் வீட்டில் அன்றாடம் பேசப்படுவதுதான் சுற்றுச்சூழல் பாடம். ஏலச்செடிக்கு மர நிழல் வேண்டும். தூரிலிருந்து தரையோடு படரும் சரத்தில் மலரும் பூவுக்கு ஒரே நாள்தான் வாழ்வு. அதற்குள் தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும். மருந்தைக் கண்டபடி அடித்தால் தேனீ சாகும். மருந்து கலந்த அந்தக் காற்றைத்தான் தாயும் சுவாசிக்கிறாள். மகரந்தச் சேர்க்கையையும் தொழிலாளர் நலத்தையும் அந்த ஒரு செடியை வைத்தே நடத்தலாம். அவளைப் பேசவிடுங்கள். முதுவாக்குடியிலிருந்து வரும் முதுவர் பழங்குடிப் பிள்ளையையும் அவன் வீட்டுப் பேச்சிலேயே பேசவிடுங்கள்.

1991-இல் சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தாவின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க வழிசெய்யச் சொல்கிறது. அதற்காகப் பிரெயிலும் சைகை மொழியும் அறிந்த ஆசிரியர்களை அமர்த்தவும் சொல்கிறது. இவற்றை நீங்கள் தனித்தனித் தாள்களாக எழுதித் தேறியிருப்பீர்கள். வகுப்பில் இரண்டும் சேர்ந்துதான் வரும். மரம் நடும் நாளில் சக்கர நாற்காலிப் பிள்ளையை மட்டும் வகுப்பறையில் உட்காரவைத்துவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடியாது. மேட்டில் ஏற முடியாதா? பாடத்தைக் கொட்டகுடி ஆற்றங்கரைக்கு இறக்குங்கள். பார்வையற்ற பிள்ளையின் கையில் பச்சை ஏலக்காயையும் உலர்ந்த ஏலக்காயையும் கொடுங்கள். அதை உலர்த்த எரித்த விறகு எந்தக் காட்டிலிருந்து வந்தது என்ற கேள்வி அவனிடமிருந்தே வரலாம்.

2018 மார்ச் 11 அன்று போடிக்கு அருகே குரங்கணி மலையில் பற்றிய தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. மாசி, பங்குனியில் அந்த மலையின் புல் ஆண்டுதோறும் மறுபடியும் காய்கிறது. தீ வருகிறது என்று கத்தினால் காது கேளாத பிள்ளைக்கு எட்டாது. ஓடு என்றால் கால் ஊனமுற்ற பிள்ளையால் ஓட முடியாது. யார் கையசைப்பது, யாரை யார் தூக்குவது, எந்த வழியில் இறங்குவது என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து தீர்மானியுங்கள். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரையும், மலையடிவாரத்துப் பெரியவர் ஒருவரையும் அழைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும், வரும் மாசிக்குள் இதை ஓர் ஒத்திகையாக ஒருமுறை நடத்திவிடுங்கள்.