ஆய்வுப் பட்டமும் நம் இளைஞர்களும்

(கல்விச் சங்க வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

முனைவர் பட்டத்தை வெற்றியுடன் முடிப்பது எவ்வாறு என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். நான் பி.ஏ., பி.எட். படித்த ஓர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியன்; ஆய்வுப் பட்டம் பெற்றவன் அல்லன். ஆயினும் என்னிடம் எழுத்தறிந்த பிள்ளைகள் சிலர் அப்பட்டத்தை நோக்கிப் புறப்பட்டுச் சென்றதைக் கண்டிருக்கிறேன். சிலர் முடித்து வந்தனர். சிலர் இடையிலே நின்றுவிட்டனர். நின்றுவிட்டவர்களைப் பற்றியே நான் மிகுதியும் எண்ணிப் பார்த்ததுண்டு. அவர்களுள் ஒருவன் திறத்தில் என் தவறும் கலந்திருக்கிறது. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவன் செங்கல் சூளைத் தொழிலாளி ஒருவரின் மகன். முதுகலையில் சிறப்பாகத் தேறி, ஆய்வு மாணவனாகச் சேர்ந்தான். விடுமுறைதோறும் என்னை வந்து காண்பான். "எப்போது எழுதத் தொடங்கலாம், ஐயா?" என்று ஒருமுறை கேட்டான். "அவசரப்படாதே தம்பி, எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகு எழுது" என்றேன். பள்ளித் தேர்வுக்குச் சொல்லும் அறிவுரையை ஆய்வுக்கும் சொல்லிவிட்டேன். ஐந்தாம் ஆண்டில் இரண்டு தகரப் பெட்டிகளுடன் வந்தான். பெட்டி நிறையக் குறிப்புகள்; ஆனால் ஓர் இயல்கூட எழுதப்படவில்லை. நெறியாளரைக் கண்டு பதினொரு மாதங்கள் ஆகியிருந்தன. "ஒன்றும் எழுதாமல் எந்த முகத்தோடு போய் நிற்பது, ஐயா?" என்றான். அதன்பின் குடும்பச் சுமை அவனை ஒரு கிடங்கில் கணக்கெழுதும் வேலைக்கு இழுத்துச் சென்றது, பதிவும் காலாவதியாயிற்று. அப்பெட்டிகள் இன்றும் என் வீட்டுப் பரணில் இருக்கின்றன.

அவனிடம் அறிவு குறைவா? இல்லை. உழைப்புக் குறைவா? அதுவும் இல்லை. குறையுள்ள எழுத்தைப் பிறர்முன் வைக்க அவன் கூசினான். அக்கூச்சமே அவனை வீழ்த்தியது. ஆய்வுப் பட்டம் இழப்பவர்களில் பெரும்பாலோர் அறிவின்மையால் இழப்பதில்லை, மௌனத்தாலேயே இழக்கின்றனர் என்பது என் கருத்து. நம் பிள்ளைகளுக்கு இக்கூச்சம் இருமடங்கு. "இவர்கள் சலுகையில் வந்தவர்கள்" என்று எவரும் சொல்லிவிடுவரோ என அஞ்சி, குற்றமற்றதாக ஆக்கிய பிறகே காட்டவேண்டும் என்று காத்திருக்கின்றனர். குற்றமற்ற முதல் படியை எவரும் எழுதியதில்லை, தம்பிகளே!

அண்ணல் அம்பேத்கர் அவர்களின் ஆய்வு வாழ்வையே எடுத்துக்கொள்வோம். அவர் பெற்ற பட்டங்களைச் சுவரில் எழுதி வைக்கிறோம்; அவற்றை அவர் பெற்ற வழியைப் படிப்பதில்லை. பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் 1913-இல் நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916-இல் இலண்டன் பொருளியல் பள்ளிக்குச் சென்றார். உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917-இல் படிப்பு முற்றுப்பெறாமலே திரும்ப நேர்ந்தது. முதல் உலகப் போர் நடந்த அக்காலத்தில், அவருடைய நூல்களும் உடைமைகளும் ஏற்றப்பட்டிருந்த கப்பல் தாக்குண்டு கடலில் மூழ்கியது. அவர் சோர்ந்துவிடவில்லை. பம்பாயில் பேராசிரியராகப் பணியாற்றிப் பொருள் சேர்த்து, கோல்காப்பூர் மன்னரின் உதவியும் நண்பர் ஒருவரின் கடனும் பெற்று, 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார்.

அங்கே ரூபாய் நாணயத்தின் சிக்கலைப் பற்றி அவர் எழுதிய ஆய்வேடு உடனே ஏற்கப்படவில்லை. ஆங்கில ஆட்சியின் நாணயக் கொள்கையைக் கண்டித்த அவ்வேட்டைத் திருத்தி எழுதித் தருமாறு 1923-இல் கூறினர். தாயகம் திரும்பிய நிலையிலும் அவர் அதனைத் திருத்தினார். தம் முடிவுகளை விட்டுக்கொடுக்காமல் திருத்தினார். அவ்வாண்டின் இறுதிக்குள் டி.எஸ்சி. பட்டம் வந்தது, நூலும் வெளிவந்தது. அவருடைய பேராசிரியர் எட்வின் கேனன் அந்நூலின் வாதங்கள் பலவற்றோடு உடன்படாதவர். ஆயினும் அவரே அதற்கு முன்னுரை எழுதினார். கொலம்பியாவின் முனைவர் பட்டமோ, மாகாண நிதி பற்றிய ஆய்வு 1925-இல் நூலாக அச்சேறிய பிறகு, 1927-இல்தான் முறைப்படி கிடைத்தது. நியூயார்க்கில் கால்வைத்த நாளிலிருந்து பதினான்கு ஆண்டுகள்! திருத்தச் சொல்லித் திரும்பிவரும் ஏடு, எழுதியவனின் தகுதிக்கு வழங்கப்பட்ட தீர்ப்பு அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி, நம் இளைஞர்கள் காக்கவேண்டிய நெறிகள் சிலவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, தலைப்பு. கடலைக் குடிக்கப் புறப்படாதீர்கள். "தமிழ்நாட்டில் பஞ்சமி நிலங்கள்" என்று ஒருவர் தலைப்பெடுத்தால் வாழ்நாள் போதாது. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையையும் 1892-இல் பிறந்த அரசாணையையும் அடிப்படையாகக் கொண்டு, ஒரே வட்டத்தில் அந்நிலங்கள் யார் யார் கைக்கு மாறின என்று ஆராய்ந்தால் அது முடியக்கூடிய ஆய்வு. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கிராமத்து 'அ' பதிவேட்டிலும் சான்று தேடலாம். ஊர் முதியவர்களைக் கண்டு கேட்கலாம். தலைப்பைப் பதிவு செய்யுமுன், "இதற்குரிய சான்று எங்கே இருக்கிறது? எனக்கு அது கிடைக்குமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் துயரம் ஆய்வுக்குத் தூண்டுகோல் ஆகலாம், சான்று ஆகாது.

இரண்டாவது, எழுத்து. என் மாணவனுக்கு நான் சொன்னதற்கு நேர்மாறாகச் சொல்கிறேன். முதல் மாதத்திலிருந்தே எழுதுங்கள். நாள்தோறும் ஒரு பக்கம் போதும். படித்த நூலின் சுருக்கத்தை மட்டும் எழுதாது, அதனோடு நீங்கள் எங்கே மாறுபடுகிறீர்கள் என்பதனையும் எழுதுங்கள். அதுவே நாளை இயலாக வளரும். எழுதியதை ஒரே கணிப்பொறியில் வைத்துவிட்டு உறங்காதீர்கள். அண்ணலின் நூல்களைக் கடல் கொண்டது. உங்கள் உழைப்பைக் கொள்ள ஒரு மின்தடை போதும். இரண்டு வேறு இடங்களில் படி இருக்கட்டும்.

மூன்றாவது, நெறியாளர். சேருமுன்பே அவரிடம் பயின்ற மூத்த மாணவர்களைக் கண்டு, அவர் எழுத்தைப் படித்துத் திருத்துபவரா, எத்தனை பேர் முடித்திருக்கின்றனர் என விசாரியுங்கள். சேர்ந்த பின் மாதம் ஒருமுறையேனும் எழுத்துடன் சென்று காணுங்கள். அவர் கூறியவற்றைத் தேதியிட்டுக் குறித்து, அவருக்கே ஒரு படி அனுப்புங்கள். பணிவு வேறு, அடிமைத்தனம் வேறு. எங்கேனும் இழிவோ தடையோ நேரின், மனத்தில் புதைக்காமல் எழுத்து வடிவில் ஆய்வு ஆலோசனைக் குழுவிடமும் பல்கலைக்கழகத்தின் பட்டியலினப் பிரிவிடமும் முறையிடுங்கள். ஆனால் "இந்த இயல் சரியில்லை" என்னும் சொல்லை இழிவாகக் கொள்ளாதீர்கள்.

நான்காவது, பிறர் சொற்கள். பிறர் எழுதியதைத் தம்முடையதாகக் காட்டுவது ஆய்வுலகில் திருட்டு. 2018-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி, ஏட்டின் ஒப்புமை அறுபது விழுக்காட்டைத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். குறிப்பெடுக்கும் நாளிலேயே நூலின் பெயரையும் பக்க எண்ணையும் எழுதிவையுங்கள். பணம் கொடுத்து ஏட்டை எழுதி வாங்குவோரும் உண்டு. அவர்கள் வாய்மொழித் தேர்வில் தலைகுனிவர். தமக்குப் பின்னால் வரும் நம் பிள்ளைகளையும் தலைகுனிய வைப்பர்.

ஐந்தாவது, காலமும் பணமும். 2022-ஆம் ஆண்டு விதிகள் குறைந்தது மூன்று ஆண்டுகளும் மிகுதியாக ஆறு ஆண்டுகளும் வகுத்தன. மறுபதிவால் மேலும் இரண்டு ஆண்டுகள் பெற இடமளித்தன. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் உண்டு. மகப்பேற்றுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள்வரை விடுப்பும் உண்டு. திருமணம் ஆயிற்று என்று எந்த மகளும் ஆய்வை விட்டுவிட வேண்டியதில்லை. பட்டியலினத்தார்க்குரிய தேசிய ஆய்வு உதவித்தொகைக்குத் தவறாது விண்ணப்பியுங்கள். ஆனால் அத்தொகை தாமதமாகவும் வரலாம். ஆதலால் வந்த முதல் தொகையில் மோட்டார் சைக்கிள் வாங்காமல், ஆறு மாதச் சாப்பாட்டுச் செலவைத் தனியே எடுத்து வையுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. "பக்கத்து வீட்டுப் பையன் சம்பாதிக்கிறான், நீ இன்னும் படித்துக்கொண்டே இருக்கிறாயே" என்று சொல்லாதீர்கள். "இந்த மாதம் எத்தனை பக்கம் எழுதினாய்?" என்று கேளுங்கள். எழுத்தறியாத தாயும் கேட்கக்கூடிய கேள்வி இது. எந்தப் பேராசிரியரும் இதனினும் நல்ல கேள்வி கேட்டுவிட முடியாது.

இறுதியாக இச்சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மாதந்தோறும் கடைசி ஞாயிற்றுக்கிழமை இம்மண்டபத்தைத் திறந்து வையுங்கள். ஆய்வு செய்யும் நம் பிள்ளைகள் வந்து, அம்மாதம் எழுதியதைக் குறையோடும் பிழையோடும் படிக்கட்டும். பட்டம் பெற்றவர்கள் வந்து திருத்தட்டும். சிரிப்பவர் எவரும் இல்லாத ஓரிடத்தில் முதல் முறை படித்துப் பழகியவன், பிறகு எந்த அவையிலும் அஞ்சமாட்டான்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுப் பரணிலுள்ள இரண்டு பெட்டிகளையும் இங்கே கொண்டுவருவேன். அவற்றிற்கு உரியவனையும் அழைத்து வருவேன். அவன் மீண்டும் பதிவு செய்துகொள்ள வழியுண்டா என்று நாம் எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். என் தவறான அறிவுரைக்கு நான் செய்யக்கூடிய கழுவாய் அதுவே.