தோற்ற ஆட்டத்துக்கு ஒரு நோட்டு

(நமது சமூகக்கூடத்தில் சிறுவர் சதுரங்க வகுப்பு தொடங்கிய அன்று பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளைகளே, பெற்றோரே, மாலை நடையை விட்டுவிட்டு வந்திருக்கும் மூத்தவர்களே!

நான் பி.காம். படித்து வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். செஸ்ஸில் பட்டம் எதுவும் இல்லை. ஆனால் சாம்பியன்களின் வாழ்க்கையைப் படிப்பதில் எனக்குத் தீராத ஆசை. அவர்களில் நம் பிள்ளைகளுக்கு அதிகம் பயன்படக்கூடியவர் சோவியத் நாட்டின் மிகயில் போத்வின்னிக் என்பது என் கருத்து. ஃபிஷரை வியக்கலாம், பின்பற்றுவது கடினம். போத்வின்னிக்கைப் பின்பற்ற முடியும்.

அவர் 1948-ல் உலக சாம்பியன் ஆனார். தொழிலால் மின் பொறியாளர். 1951-ல் முனைவர் பட்டமும் வாங்கினார். 1957-ல் ஸ்மிஸ்லோவிடம் பட்டத்தை இழந்து, அடுத்த ஆண்டே மீட்டார். 1960-ல் 23 வயது மிகயில் டால் வந்தார். காய்களை அள்ளிக் கொடுத்துத் தாக்கும் மந்திரவாதி! 12½–8½ என்று போத்வின்னிக் தோற்றார். இனி எழமாட்டார் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள்.

தோற்ற சாம்பியன் ஓராண்டுக்குள் மறுபடி மோதலாம் என்று அப்போது விதி இருந்தது. அவர் தன் தோல்விகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எல்லாக் காய்களும் துள்ளும் குழப்பமான நிலையில் டால் புலி. காய்கள் வெட்டுப்பட்டு அடங்கிய நிலையில் அந்தப் பாய்ச்சல் இல்லை. 1961-ல் ஆட்டங்களை அந்தப் பக்கமே திருப்பி 13–8 என்று வென்றார். அப்போது அவருக்கு வயது 49. டாலுக்கு அந்தச் சமயம் சிறுநீரகக் கோளாறு இருந்தது. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

இதில் எனக்கு வங்கிதான் நினைவுக்கு வருகிறது. மாலையில் கணக்கு ஒரு ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. வவுச்சர்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், யாரோ 45-ஐ 54 என்று எழுதியிருக்கலாம் என்று முதலில் அங்கே தேடுவோம். பிழைக்கும் சாதி உண்டு. செஸ்ஸிலும் அப்படித்தான். ஒரு பையன் எப்போதும் குதிரையின் இரட்டைத் தாக்குதலில் விழுவான். இன்னொருத்தி ஜெயிக்கிற நிலையில் அவசரப்படுவாள். பத்துத் தோல்விகளை எழுதி வைத்துப் பார்த்தால்தான் இது கண்ணில் படும். கைப்பேசியில் மூன்று நிமிட ஆட்டம் தோற்றவுடன் அடுத்ததை அழுத்தினால் எங்கே தெரியப்போகிறது?

ஆகவே இந்த வகுப்பில் ஒவ்வொருவரும் நகர்வுகளை எழுத வேண்டும். ஆட்டம் முடிந்ததும், எங்கே தவறினோம் என்று முதலில் தானே தேட வேண்டும். கம்ப்யூட்டரிடம் கேட்பது அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று, இறுதியாட்டம். கியூபாவின் காப்பாபிளாங்கா, மற்றவற்றுக்கு முன்னால் இதைப் படிக்கச் சொன்னவர். எல்லோரும் திறப்புகளை மனப்பாடம் செய்கிறார்கள்; ராஜாவும் ஒரு சிப்பாயும் மிஞ்சினால் திணறுகிறார்கள். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நம் சென்னைப் பிள்ளை குகேஷ் டிங் லிரெனை வென்றது நினைவிருக்கும். பதினான்காவது, கடைசி ஆட்டம். சமனில் முடியும் போலிருந்தது. 55-வது நகர்வில் டிங் யானையை வெட்டுக்கு வைத்தார். யானைகள் போயின, அடுத்து மந்திரிகளும் போயின. மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும். குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம். அந்தக் கணக்கு அவருக்கு உடனே தெரிந்தது. 58-வது நகர்வோடு டிங் ஒப்புக்கொண்டார். 18 வயதில் உலக சாம்பியன்!

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பு முடிந்து வரும் பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி, "ஜெயிச்சியா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே சில குழந்தைகள் தோற்ற ஆட்டத்தை மறைப்பார்கள், பிறகு வகுப்புக்கே வரமாட்டார்கள். நோட்டை வாங்கி, "இதில் எந்த இடம் கஷ்டமா இருந்தது?" என்று கேளுங்கள். உங்களுக்கு ஆட்டம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை சொல்லித்தரும்.

மூத்தவர்களும் வாருங்கள். காய்கள் பத்து செட் இருக்கின்றன. நோட்டும் பென்சிலும் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.