கிடாரிக்குத் தலைக்கயிறு பழக்குதல்

(கால்நடை வளர்ப்போர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



நல்ல கிடாரி ஒரு குடும்பத்தின் வருங்காலச் செல்வம் என்பதை உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால், தலையில் கை வைத்தாலே உதறி, கயிற்றைக் கண்டாலே பின்வாங்கும் கிடாரிகள் எல்லா ஊர்களிலும் உண்டு. “கன்று ஈன்றால் தானே அடங்கிவிடும்” என்று பலர் வாளா இருந்துவிடுகின்றனர். இஃது ஒரு தவறான நம்பிக்கை. இன்று ஒருவர் பிடித்து நிறுத்தக்கூடிய கிடாரி, நாளை நால்வர் சேர்ந்தாலும் நிறுத்த முடியாத பசுவாகிவிடும்.

இதனால் விளையும் நட்டம் சிறிதன்று. 2019-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தின்படி, 4 மாதம் நிரம்பிய கன்றுகள் முதல் எல்லா மாடுகளுக்கும் 6 மாதத்துக்கு ஒரு முறை கோமாரித் தடுப்பூசி போடப்படுகிறது. கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா நோய்க்கான தடுப்பூசியோ, கிடாரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் வாழ்நாளில் ஒரே ஒரு முறை போடப்படுவது. முகாமில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் கிடாரி அந்த வாய்ப்பை இழக்கிறது. பின்னர் சினை ஊசிக்கும், பால் கறவைக்கும் அதே போராட்டந்தான். அப்போது உதைபடுவோர் பெரும்பாலும் கறவை பார்க்கும் நம் பெண்மக்களே.

கிடாரி ஏன் தலையைத் தொடவிடுவதில்லை? முதலில் நோவு உண்டா என்று பாருங்கள். காதினுள் உண்ணி, காதுவில்லை போட்ட இடத்தில் புண், கொம்பு முளையைச் சுட்ட இடத்தில் வலி, கண்ணில் அல்லது வாயில் நோய் ஆகியவற்றுள் ஏதேனும் இருக்கலாம். இருந்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பழக்குவது பிறகு ஆகட்டும்.

இரண்டாவது, அதன் பார்வை. மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்தவை. சுற்றிலும் நடப்பது பெரும்பாலும் அதற்குத் தெரியும். ஆயினும், நேர் பின்புறமும் முகரைக்கு மிக அருகிலும் தெளிவாகத் தெரிவதில்லை. ஆதலின், நேர் எதிரே நின்று நெற்றிக்குக் கையை நீட்டினால் அது மிரளுவது இயற்கை. மூன்றாவது, நினைவு. ஊசிக்கும் மருந்து புகட்டவும் மட்டுமே தலையைப் பிடித்திருப்போமாயின், கை என்றாலே துன்பம் என்று அது எண்ணிக்கொள்ளும்.

பழக்கும் முறை எளிது. பொறுமை ஒன்றே வேண்டும். முதல் சில நாட்களுக்குக் கயிறே வேண்டாம். கிடாரி தீவனம் தின்னும்போது அதன் தோளருகே பக்கவாட்டில் நின்று, கழுத்து, அலைதாடி, வாலடி ஆகிய இடங்களை விரல்களால் சொறிந்து கொடுங்கள். தாய்ப்பசு நக்கிக் கொடுப்பது போன்ற இன்பத்தை அஃது அளிக்கும். பின்னர், கழுத்திலிருந்து காதடிக்கும், காதடியிலிருந்து கன்னத்துக்கும், கன்னத்திலிருந்து மூக்குத்தண்டுக்கும் நாளுக்குச் சிறிதாகக் கையைக் கொண்டு செல்லுங்கள்.

இங்கேதான் முக்கியமான செய்தி இருக்கிறது. கிடாரி உதறும்போது கையைச் சட்டென எடுத்தால், உதறினால் கை போய்விடும் என்று அது கற்றுக்கொள்ளும். அழுத்திப் பிடித்தாலோ அச்சம் மிகும். மெல்லென வைத்த கையை அப்படியே வைத்திருந்து, அது அசையாமல் நிற்கும் கணத்தில் எடுங்கள். மிகவும் மிரண்டால், அது பொறுத்துக்கொண்ட இடத்திலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.

தலைக்கயிறு மென்மையான பருத்திக் கயிறாக, விரல் பருமனுள்ளதாக இருக்கட்டும். மெல்லிய நைலான் கயிறு தோலை அறுக்கும். மூக்கின் மேல் செல்லும் பகுதி கண்ணுக்கும் நாசிக்கும் நடுவில் அமைய வேண்டும். கீழே இறங்கினால் மூச்சுக்குத் தடையாகும். இரு விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். கழுத்தை இறுக்கும் சுருக்கு முடிச்சு கூடவே கூடாது. கன்று வளரும், கயிறு வளராது. மாட்டுப் பொங்கலுக்குத்தான் புதுக்கயிறு என்று காத்திராமல், வாரந்தோறும் சோதித்துத் தளர்த்துங்கள்.

முதலில் கட்டி வைக்கும்போது, உறுதியான தூணில், கிடாரியின் தலை உயரத்தில், 2 அல்லது 3 அடிக் கயிறு விட்டு, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சிட்டுக் கட்டுங்கள். நீளக் கயிற்றில் கால் சிக்கும். அருகிலேயே இருந்து கவனியுங்கள்.

நடத்தும்போது முன்னே நின்று இழுக்க வேண்டாம். பக்கவாட்டில் நின்று கயிற்றை மெல்ல இறுக்குங்கள். ஓர் அடி எடுத்து வைத்ததும் உடனே தளர்த்துங்கள். இழுப்பு கேள்வி, தளர்வுதான் விடை. நாளுக்கு இரு வேளை, கால் மணி நேரம் போதும். பர்கூர் மாடு போன்ற துடிப்பு மிக்க இனங்களுக்கு நாட்கள் கூடலாம்.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். கிடாரி பாய்ந்தால் விரல் போகும். சிறுவர்களாயின் உயிருக்கே ஆபத்து. வாலை முறுக்குவதும் அடிப்பதும் பல நாள் உழைப்பை ஒரு நொடியில் அழித்துவிடும். அடங்கவில்லை என்று அவசரப்பட்டு மூக்குக் குத்துவோரும் உளர். வலி கிடாரியை நிறுத்தலாம். தலையைத் தொடும் அச்சத்தை அது போக்காது.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். தடுப்பூசி முகாமின் நாளை முன்கூட்டியே ஊருக்கு அறிவியுங்கள். கிடாரிகளைப் பழக்க மக்களுக்கு அவகாசம் கிடைக்கும். முகாமிடத்தில் நிழலும், மாடுகளை நிறுத்தி வைக்க உறுதியான சட்டமும் அமையுங்கள். கூச்சலிட்டுத் துரத்துவதைத் தடுத்து, சாதுவான மாடுகளை முதலில் நிறுத்துங்கள். அவற்றைக் கண்டு மற்றவையும் அமைதி கொள்ளும்.

இன்று நம் கைக்கு அஞ்சாத கிடாரி, நாளை நம் வீட்டுப் பெண்கள் அச்சமின்றிப் பால் கறக்கும் பசுவாகும். அதற்கான வேலையை இன்று மாலையே தீவனத் தொட்டியருகே தொடங்குங்கள்.